பல்கேரிய எழுத்து: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி, பிப்ரவரி 27

பல்கேரிய நாவல் ஒன்று சர்வதேச புக்கர் பரிசு வாங்கியது என்று கேட்டு வாங்கினேன். எண்பதாம் பக்கத்தில் நிற்கிறேன், மேலே ஓடவில்லை. அந்த நாட்டில் வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா? ஐந்து புத்தகம் சொல்லுங்கள். தயிரையும் ரோஜாவையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 1

தயிரும் ரோஜாவும் இருக்கிற ஊரில் கதை சொல்கிறவன் இல்லாமல் போவானா?

ஐந்துதானே, இதோ. யோர்தான் யோவ்கோவின் சிறுகதைகள், எலின் பெலினின் சிறுகதைகள், அலெகோ கான்ஸ்தாந்தினோவின் 'பாய் கான்யோ', எலியாஸ் கனெட்டியின் இளமைக்கால நினைவுகளில் முதல் பாகம், அந்தோன் தோன்செவின் 'பிரிவின் காலம்'. இந்த வரிசையிலேயே படியுங்கள். புக்கர் வாங்கிய கோஸ்போதினோவின் நாவலை அலமாரியில் வைத்துவிடுங்கள், அது கெட்டுப்போகாது.

நல்ல நாளில்தான் கேட்டிருக்கிறீர்கள். இன்று பல்கேரியாவில் எல்லோரும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கையில் கட்டிக்கொள்வார்கள். மார்த்தெனித்சா என்று பெயர். முதல் நாரையையோ தகைவிலானையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கழற்றக்கூடாது. பார்த்த பிறகு அதை ஒரு மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். யோவ்கோவிடம் போகும்போது இந்தத் தகைவிலானை நினைவில் வைத்திருங்கள்.

மார்ச் 2

கனெட்டி எப்படிப் பல்கேரியராவார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயம்தான். எழுதியது ஜெர்மனில், வீட்டில் பேசியது ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் லதீனோ மொழி, ஆறு வயதில் ஊரைவிட்டே போய்விட்டார். 1981 இல் நோபல் வாங்கியபோது பல்கேரியா அவரைச் சொந்தம் கொண்டாடியதில் கொஞ்சம் அசட்டுத்தனமும் இருந்தது.

ஆனாலும் பட்டியலிலிருந்து அவரை அடிக்க மாட்டேன். 1905 இல் அவர் பிறந்த ரூசே, டான்யூப் ஆற்றங்கரைத் துறைமுகம். ஒரே நாளில் ஏழெட்டு மொழி காதில் விழும் என்கிறார். அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளுக்குப் புரியக்கூடாது என்று தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பூட்டிய மொழிக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று ஏங்கிய பையன், பிறகு வாழ்நாள் முழுவதும் அதில்தான் எழுதினான். வீட்டில் வேலைக்கிருந்த கிராமத்துப் பெண்கள் சாயங்கால இருட்டில் ஓநாய்க் கதையும் இரத்தக்காட்டேரிக் கதையும் சொன்னது பல்கேரிய மொழியில். பெரியவரானபோது அந்த மொழி மறந்துபோயிற்று, கதைகள் மட்டும் ஒன்று விடாமல் நினைவில் நின்றன, ஜெர்மனில். எப்போது, யார் மொழிபெயர்த்தார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. பல்கேரியக் கதைசொல்லலுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

முதல் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே குழந்தையிடம் நாக்கை நீட்டச் சொல்கிறான், பேனாக்கத்தியைப் பிரிக்கிறான், நாக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, "இன்று வேண்டாம், நாளைக்கு" என்று மடக்கிக்கொள்கிறான்.

மார்ச் 5

யோவ்கோவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது நீளும்.

என் அப்பா தந்தி இலாகாவில் லைன்மேன். ராமநாதபுரம் பக்கத்துப் பொட்டலில் மைல் கணக்கில் ஓடிய கம்பி அவர் பொறுப்பு. சைக்கிளின் பின்னால் கம்பிச் சுருள், இடுக்கி, துணியில் சுற்றிய இரண்டு பீங்கான் குமிழ். விடுமுறையில் என்னை முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். கம்பத்தில் காதை ஒட்டி வைத்தால் உள்ளே உம்மென்று ஓர் ஒலி கேட்கும். யாரோ பேசுகிறார்கள் என்று நம்பிக்கொண்டு வெகுநேரம் நிற்பேன். காற்றுடா, வா என்பார். மார்கழி, தை மாதங்களில் கம்பி நெடுகத் தகைவிலான் குருவிகள் உட்கார்ந்திருக்கும், கணக்குப்பிள்ளை கோடு போட்டுப் புள்ளி வைத்த மாதிரி. அந்தப் பொட்டலில் வழி கேட்கிறவர்களிடம் அப்பா ஊர்ப்பெயர் சொல்ல மாட்டார். "கம்பியைப் பிடித்துக்கொண்டே போங்கள்" என்பார்.

இருபத்தெட்டு வயதில் சோபியாவில் அச்சான ஓர் ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பு கையில் கிடைத்தது. அதில் யோவ்கோவின் ஒரு கதைக்குத் தலைப்பே 'கம்பி வழியே'. தந்திக் கம்பிதான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கதை இவ்வளவுதான். வெட்டவெளியில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறான் மொகானின் என்கிற இடையன். ஒரு வண்டி வருகிறது. ஏழைக் குடியானவன், அவன் மனைவி, வண்டிக்குள் படுத்த படுக்கையாக மகள். வயலில் தூங்கியபோது பாம்பு உள்ளே புகுந்துவிட்டது என்கிற பயத்தில் தொடங்கிய நோய், நாளுக்கு நாள் பெண் கரைந்துகொண்டிருக்கிறாள். எங்கோ ஒரு கிராமத்தில் வெள்ளைத் தகைவிலான் வந்திருக்கிறதாம், அதைப் பார்க்கிற நோயாளிக்கு எந்த நோயும் தீர்ந்துவிடுமாம். அதைத் தேடிப் போகிறார்கள். இடையன் தானும் அந்தப் பறவையைப் பார்த்தவன். தந்திக் கம்பியை ஒட்டியே போங்கள் என்று வழி காட்டுகிறான். அவன் கண்ணில் பட்டது அவர்கள் கண்ணிலும் படுமா என்று நம்மைத் தவிக்க விட்டுவிட்டுக் கதை முடிகிறது.

யோவ்கோவ் 1880 இல் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர், பிறகு வாழ்ந்தது தொப்ருஜாவின் சமவெளியில். மலையில் பிறந்து சமவெளிக்கு வந்தவனுக்குத்தான் வண்டி தொலைவில் புள்ளியாகித் தேய்வதை அவ்வளவு நேரம் பார்க்கத் தோன்றும் என்பது என் ஊகம்.

மார்ச் 6

திருத்தம். தவறாகச் சொல்லிவிட்டேன், கொஞ்சநஞ்சமல்ல.

இரவு தொகுப்பைத் தேடியெடுத்துப் படித்தேன். இடையன் அந்தப் பறவையைப் பார்க்கவே இல்லை. வெள்ளையில் தகைவிலான் ஏது? வண்டிக்குள் கிடக்கிற பெண் ஆசையோடு பார்க்கிறாள், அந்தப் பார்வை தாங்காமல் சொல்லிவிடுகிறான்: இருக்கிறது, நானும் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது, நீங்களும் பார்ப்பீர்கள். வண்டி போன பிறகு, இந்த உலகத்தில் எவ்வளவு துயரம் கடவுளே என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான்.

முப்பது வருடமாக அவன் சொன்னதை நானும் நம்பியிருக்கிறேன்.

மார்ச் 9

நேற்று ஒருவர், "பொய்யென்று தெரிந்தால் கதை சாதாரணமாகிவிடுகிறதே, ஆறுதல் சொல்கிறான், அவ்வளவுதானே" என்று எழுதியிருந்தார். இல்லை. இதற்குப் பல்கேரிய இலக்கணத்தில் கொஞ்சம் கைவைக்க வேண்டும். எனக்கு அந்த மொழி எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் வரும், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தான் கண்டதைச் சொல்ல ஒரு வினை வடிவம், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்ல வேறொரு வடிவம் அங்கே உண்டு. அவன் வந்ததை நான் பார்த்தேன் என்றால் 'தொய்தே'. வந்ததாகக் கேள்வி என்றால் 'தோஷல்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, மேலே 'சொல்கிறார்கள்' என்று ஒட்டுப்போட வேண்டும். நமக்கு ஒட்டு வேண்டாம். வந்தான், வந்தானாம். முடிந்தது. அவர்கள் கதை 'இமலோ எத்னோ வ்ரேமே' என்று தொடங்கும், கேள்விப்பட்ட வடிவத்தில். நாம் ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம் என்கிறோமே, அதேதான்.

இப்போது இடையனிடம் வாருங்கள். வெள்ளைத் தகைவிலான் ஊர்வாயில் புழங்குகிற சங்கதி. வந்திருக்கிறதாம், தீர்த்துவைக்குமாம். எல்லாமே 'ஆம்'. அவனும் "இருக்கிறதாம், நானும் கேள்விப்பட்டேன்" என்று சொல்லித் தப்பியிருக்கலாம், பொய்யே தேவையில்லை. அவனோ 'வித்யாஹ்' என்கிறான், பார்த்தேன் என்று, கண்ட சாட்சியின் வடிவத்தில். அதோடு விடாமல் 'என் கண்ணால்' என்று வேறு சேர்க்கிறான். ஊர்ப்பேச்சைச் சாட்சியமாக்குகிறான், தன் கண்களையே அடகு வைக்கிறான். ஆங்கிலத்தில் வாசித்தபோது நான் ஏமாந்ததற்கு என் அசட்டை ஒரு காரணம் என்றால் இந்த 'ஆம்' அங்கே இல்லாமல் போனது இன்னொரு காரணம்.

ஆகவே, பல்கேரியக் கதைகளைப் படிக்கும்போது, அச்சிட்ட ஆங்கில வரிக்கு மேலே எங்கெங்கே 'ஆம்' வரும் என்று மனதுக்குள் போட்டுப் பாருங்கள். பாதிக் கதை மாறிவிடும்.

மார்ச் 10

இலக்கணம் தெரிந்த ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். தமிழில் அது வினையின் வாலில் ஒட்டும் இடைச்சொல், பல்கேரியத்தில் ஒரு முழு வினைத்திரிபுக் குடும்பம், இரண்டையும் ஒன்றென்று சொல்லக்கூடாது என்கிறார். சரி. துருக்கி மொழியிலும் இதே வேலைக்கு ஓர் உருபு உண்டு, ஒட்டோமான் ஆட்சி ஐந்நூறு ஆண்டுக்கு அருகில் அங்கே இருந்தது, அதையும் சேர்த்து யோசியுங்கள் என்கிறார். அதுவும் சரி. நான் இலக்கணம் எழுதவில்லை, வாசிக்க ஒரு சாவி கொடுத்தேன். கதவு திறந்தால் போதும்.

மார்ச் 15

'பாய் கான்யோ'. தலைப்பில் இருக்கிற 'பாய்' நம் ஊர் பாய் இல்லை. வயதில் மூத்த ஆண் ஒருவரை மரியாதையும் உரிமையுமாக அழைக்கிற சொல். தமிழில் போடுவதாக இருந்தால் 'கான்யோ அண்ணாச்சி' என்றுதான் போடுவேன், ஏனென்றால் ஆள் வியாபாரி. ரோஜா எண்ணெய் விற்க ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறவர். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும், அதனால் பையைக் கையைவிட்டு இறக்க மாட்டார். யாராவது அறையில் வைத்துவிட்டு வாருங்கள் என்றால், வைத்தால் யார் பொறுப்பு என்பார். வியன்னாவில் குளியலறைக் குளத்தில் தடாலென்று குதித்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது ரோமம் அடர்ந்த மார்பில் குத்திக்கொண்டு "புல்கார்!" என்று கத்துவார்.

1895 இல் புத்தகமாக வந்தது. அமைப்பு சுலபம்: நண்பர்கள் உட்கார்ந்து, ஆளுக்கொரு கான்யோ கதை சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு தூரத்து மாமா ஒருவரைப் பற்றிப் பேசுவோமே, அந்தச் சுவை.

எச்சரிக்கை: பாதிவரைதான் சிரிப்பு. அண்ணாச்சி ஊருக்குத் திரும்புகிறார், அரசியலுக்கு வருகிறார். அடியாள் வைத்துத் தேர்தல் நடத்துகிறார், பத்திரிகை தொடங்குகிறார். குளத்தில் குதித்த அதே உடம்பு, அதே குரல். முதல் வாசிப்பில் இந்தப் பகுதி எனக்குச் சலிப்பாக இருந்தது, ஆசிரியர் நகைச்சுவையை விட்டுவிட்டார் என்று ஒரு நண்பருக்குக் கடிதமே எழுதினேன். நாற்பது வயதுக்கு மேல் வாசித்தபோது முதல் பாதியில் சிரிக்க முடியவில்லை. அதற்குள் நானும் சில தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராக உட்கார்ந்திருந்தேன்.

அலெகோ தன்னைத்தானே 'பாக்கியசாலி' என்று எழுதிக்கொண்டவர். 1897 மே மாதம் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது கூட வந்த அரசியல்வாதிக்கு வைத்த குறி இவர்மேல் பட்டது. வயது 34. குண்டு துளைத்த இதயத்தை அவர் பிறந்த ஸ்விஷ்தோவ் ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 16

கான்யோவின் ஊரில் ஆமோதிக்கத் தலையை இடவலமாக ஆட்டுவார்களாமே, உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. மறுக்க மேலும் கீழும். நம்மூரில் சரி சரி என்று பக்கவாட்டில் தலையாட்டுகிறவர்களை அங்கே இறக்கிவிட்டால் ஒருவனுக்கும் சந்தேகம் வராது. மற்ற ஐரோப்பியர்கள்தான் காப்பி கேட்டுக் கிடைக்காமல் அல்லாடுவார்கள்.

மார்ச் 29

இவான் வாசோவை ஏன் சேர்க்கவில்லை, 'நுகத்தடியின் கீழ்' இல்லாமல் என்ன பல்கேரியப் பட்டியல் என்று ஒருவர் கோபித்திருக்கிறார். வேண்டுமென்றேதான் விட்டேன். அந்தப் புத்தகத்தோடு எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது.

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். தடித்த அட்டை, உள்ளே யாரோ ஒரு மாணவியின் பழைய பஸ் டிக்கெட். முதல் அத்தியாயமே இழுத்துக்கொண்டது: சாயங்காலம், முற்றத்தில் மார்கோ குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், பிறகு இருட்டில் ஒருவன் மதில் ஏறிக் குதிக்கிறான். தியார்பக்கீர் சிறையிலிருந்து தப்பி வந்தவன். அங்கிருந்து, ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்து நடந்த 1876 ஏப்ரல் எழுச்சி வரை கதை நீள்கிறது. பீரங்கிக்கு இரும்பு இல்லாத ஊர்க்காரர்கள் செர்ரி மரத்தைக் குடைந்து, இரும்புப் பட்டை போட்டுப் பீரங்கி செய்கிறார்கள். அது எப்படி வெடித்தது என்று சொல்ல மாட்டேன். நாடுகடந்து ஒடெசாவில் இருந்தபோது வாசோவ் இதை எழுதினார். பியாலா செர்க்வா என்று நாவலில் வருகிற ஊர் அவருடைய சோபோத்தான், பெயர் மட்டும் வேறு.

என் பிரதியில் கடைசிப் பாரம் இல்லை. பதினாறு பக்கம். மதில் ஏறிக் குதித்த அந்த ஒக்னியானோவ், அவன் காதலி ராதா, மருத்துவர் சொகோலோவ் மூவரும் ஒரு பழைய ஆலைக்குள் நிற்கும்போது காகிதம் தீர்ந்துவிட்டது. தப்பித்துவிட்டார்கள் என்று நானே முடித்துக்கொண்டேன். எப்படித் தப்பினார்கள் என்றுகூட வைத்திருந்தேன்: ஆலைக்குப் பின்னால் ஓடை, இரவு, மலை. பதினோரு வருடம் அவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள்.

பிறகு ஒரு நூலகத்தில் முழுப் பிரதியைப் பார்த்தேன். நின்றபடியே அந்தப் பதினாறு பக்கத்தைப் படித்தேன். யாரும் பிழைக்கவில்லை. கம்பத்தில் குத்திய தலையைப் பார்த்து ஊர்ப் பைத்தியம் முன்சோ ஒருவன்தான் வாய்விட்டுத் திட்டுகிறான், அவனையும் தூக்கில் போடுகிறார்கள். எதிர்த்துக் குரல் கொடுக்கத் துணிந்தவன் அந்தப் பைத்தியம் மட்டும்தான் என்று நாவல் முடிகிறது. அதைப் படித்த பிறகு வேறெந்தப் புத்தகத்தையும் எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நடுவே நீளம் அதிகம், காதல் பேச்சுகள் பழைய நாடகம் மாதிரி இருக்கும். அவற்றைத் தாண்டிப் போகலாம், பாவமில்லை.

ஏப்ரல் 2

முதல் பட்டியலில் ஐந்தாவதை அடிக்கிறேன்.

'பிரிவின் காலம்' விறுவிறுப்பானது, மறுக்கவில்லை. நாற்பத்தொரு நாளில் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள், அந்த வேகம் வரிகளில் தெரியும். சிறுவயதில் பிடித்துக்கொண்டுபோன ஒருவன் சுல்தானின் படைவீரனாகி, தான் பிறந்த ரொதோப்பி மலைப் பள்ளத்தாக்குக்கே மதம் மாற்ற வருகிறான். இப்படி ஒரு முடிச்சுக் கிடைத்தால் எந்த எழுத்தாளனும் விடமாட்டான். 1964 இல் வந்தபோது அது ஒரு நாவல் மட்டும்.

ஆனால் அதற்கு இருபது வருடம் கழித்து அதே நாட்டில், துருக்கிய வழியினர் எல்லோரும் பல்கேரியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பிறப்புச் சான்றிதழிலிருந்து சம்பளப் பட்டியல்வரை பெயரை மாற்றினார்கள். 1988 இல், அந்த நெருக்கடிக்கு நடுவில், இந்த நாவல் பெரும் செலவில் படமாக வந்தது. மறுவருடம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு துருக்கிக்குப் போனார்கள். நாவலுக்கு ஆதாரமான 'நேரில் கண்ட பாதிரியாரின் குறிப்பு' பத்தொன்பதாம் நூற்றாண்டில் புனைந்தது என்று ஆய்வாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். 'ஆம்' போட வேண்டிய இடத்தில் 'கண்டேன்' போட்டிருக்கிறார்கள். இடையன் போட்டதும் இதுவும் ஒன்றா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவன் ஒரு நோயாளிக்காகப் போட்டான்.

அந்த இடத்தில் கப்கா கசபோவாவின் 'எல்லை' நூலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதுகிறவர், சோபியாவில் பிறந்து இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கிறார். பல்கேரியா, துருக்கி, கிரேக்கம் மூன்றும் முட்டிக்கொள்கிற ஸ்திரான்ஜா மலைக்காட்டில் திரிந்து எழுதிய பயணநூல். பனிப்போர்க் காலத்தில் இந்தப் பக்கம் தப்பிப் போவது எளிது என்று யாரோ சொன்னதை நம்பி வந்து முள்வேலியில் மாட்டிக்கொண்ட கிழக்கு ஜெர்மானியர்கள், பெயர் மாற்றப்பட்டவர்கள், கடத்தல்காரர்கள், எல்லைக் காவலர்கள் என்று ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். அங்கே தீமிதியும் உண்டு. கையில் கரகத்துக்குப் பதிலாகப் புனிதர் கான்ஸ்தாந்தீனின் படம்.

ஏப்ரல் 3

"தோன்செவைத் தடைசெய்யச் சொல்கிறீர்களா?" இல்லை ஐயா. முதல் ஐந்தில் வேண்டாம் என்கிறேன். பத்தாவதாகப் படியுங்கள்.

ஏப்ரல் 20

துண்டு துண்டாகச் சில பதில்கள்.

எலின் பெலின் என்பது புனைபெயர். பெலின் என்றால் கசப்பான ஒரு பூண்டு, நம் மாசிபத்திரிக்கு ஒன்றுவிட்ட உறவு. தொடங்க 'அந்த்ரேஷ்கோ' கதை போதும். அமீனா ஒருவர் ஜப்திக்குப் போக வண்டி பிடிக்கிறார். யார் வீட்டுத் தானியத்தை அள்ளப்போகிறார் என்று வழிநெடுகப் பெருமை பேசுகிறார். வண்டிக்காரப் பையன் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறான். இருட்டிய பிறகு சேற்று மடுவுக்குள் வண்டியை இறக்கி, குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறான். நடு மடுவில் அமீனா. ஆறேழு பக்கம்தான் இருக்கும். அமீனா என்ற சொல்லே தெரியாத என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில், அந்தக் குதிரைகளுக்குக் குளிராதா என்று கேட்டான்.

திமிதர் திமோவின் 'புகையிலை': 1951 இல் வந்தது. கால்நடை மருத்துவம் படித்து உடற்கூறு கற்பித்தவர், ஆட்களையும் அப்படித்தான் பிரித்துப் போடுவார். பணமும் புகையிலைக் கம்பெனியும் ஒரு காதலை எப்படி அரிக்கின்றன என்பது கதை. உழைக்கும் வர்க்கத்தைச் சரியாகக் காட்டவில்லை என்று எழுத்தாளர் சங்கத்திலேயே விசாரணை மாதிரி நடத்தினார்கள், அவர் உட்கார்ந்து திருத்தி எழுதினார். திருத்தத்தில் பிறந்தவள்தான் லீலா என்கிற பாட்டாளிப் பெண். எந்தப் பதிப்பு கிடைத்தாலும் முதலில் லீலா இருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் 1954 இன் திருத்திய வடிவம். திருத்தாத வடிவம் 1992 இல்தான் மறுபடி அச்சேறியது.

கியோர்கி மார்க்கோவ்: நாடுகடந்து லண்டனில் இருந்த எழுத்தாளர். 1978 இல் வாட்டர்லூ பாலத்தருகே குடையில் வைத்த நஞ்சால் கொன்றார்கள் என்பார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் சாவு தெரிந்திருக்கிறது, எழுத்து தெரியவில்லை. அவர் வானொலியில் வாசித்த நினைவுக்குறிப்புகளைத் தேடுங்கள். சர்வாதிகாரத்தில் மனிதர்கள் எப்படிச் சிறுசிறு சலுகைக்குப் பல்லிளிக்கிறார்கள் என்று ஒருவர் தன்னையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

மே 24

இன்று அவர்களுக்கு எழுத்துத் திருநாள். பள்ளிப் பிள்ளைகள் பூக்களோடு ஊர்வலம் போவார்கள். 2023 இல் இதற்கு முந்தின இரவுதான் கோஸ்போதினோவுக்கும் மொழிபெயர்ப்பாளர் ஏஞ்சலா ரோடலுக்கும் புக்கர் அறிவித்தார்கள். ஆகவே அலமாரியில் வைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம்.

எண்பதாம் பக்கத்தில் நின்றேன் என்றீர்கள். எனக்கு அதற்கு முன்னமே நின்றது. கதை தெரியும்தானே: நினைவிழந்தவர்களுக்காக ஒரு மருத்துவமனை, ஒவ்வொரு தளமும் ஒரு பத்தாண்டு. அந்தக் காலத்து நாற்காலி, அந்தக் காலத்துச் சிகரெட், அந்தக் காலத்துச் செய்தித்தாள். நோயாளி தன் நினைவு நின்ற வருடத்தில் போய் உட்காரலாம். பிறகு நோயில்லாதவர்களும் வரத் தொடங்குகிறார்கள், நாடுகளே எந்தப் பத்தாண்டுக்குத் திரும்புவது என்று வாக்கெடுப்பு நடத்துகின்றன. வாக்கெடுப்புப் பகுதி எனக்கு இன்றும் கட்டுரை மாதிரிதான் இருக்கிறது. யோசனை நன்றாக இருக்கிறது, ஆள் இல்லை.

நின்றது அதனால் அல்ல. என் அப்பாவுக்குக் கடைசி மூன்று வருடம் நினைவு தப்பியிருந்தது. என்னை யாரோ மேலதிகாரி என்று நினைத்து எழுந்து நிற்பார். மழை பெய்தால் மட்டும் தெளிவு வந்த மாதிரி, சட்டையைத் தேடுவார். "லைன் போயிருக்கும், பார்க்கணும்." 2013 ஜூலையில் தந்திச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். செய்தித்தாளை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை, அவர் படிப்பதை விட்டு நாளாகியிருந்தது. அந்த ஐப்பசியில் நல்ல மழை. நடு இரவில் வாசல்கதவுத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றார். லைன் சரியாகிவிட்டது என்றேன். யார் சொன்னது என்றார். "நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் அப்பா, கம்பி நன்றாக இருக்கிறது." வந்து படுத்துக்கொண்டார்.

கோஸ்போதினோவைப் படிப்பதாக இருந்தால் 'துயரத்தின் இயற்பியல்' முதலில். கிரேக்கப் புராணத்தின் காளைத்தலை மனிதன் மினோட்டாரைச் சபிக்கப்பட்ட அரக்கனாகப் பார்க்காமல், இருட்டறையில் அடைத்த ஒரு குழந்தையாகப் பார்க்கிறார். அதற்குப் பிறகு, தந்தையின் சாவைப் பற்றிய 'மரணமும் தோட்டக்காரரும்'. என்னிடம் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

மே 25

மார்ச் 5, 6 குறிப்புகளை இப்போது மறுபடி படித்தவர் ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். ஆமாம், எனக்கும் நேற்று எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

ஜூன் 2

கவிதை ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பது நியாயமான குறை. ஹிரிஸ்டோ போதெவ். எழுதியது இருபது கவிதைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. 1876 இல் பயணிகள் கப்பலைக் கைப்பற்றி, இருநூறு பேரோடு டான்யூபைக் கடந்து வந்து, வ்ராத்சா மலையில் சுடப்பட்டு இறந்தவர். வயது 28. இன்று நண்பகலில் அங்கே நாடெங்கும் சங்கு ஊதும், தெருவில் போகிறவர்கள் அப்படியே நிற்பார்கள். ஆங்கிலத்தில் கிடைக்கிற போதெவ் எனக்கு ஒட்டவில்லை. சந்தம் போய்விட்டால் முழக்கம்தான் மிஞ்சுகிறது. மொழி தெரிந்த யாராவது தமிழில் செய்யட்டும்.

கேள்வி கேட்டவர் நேற்று மறுபடி வந்திருந்தார். எலின் பெலின் வாங்கிவிட்டாராம், அந்த்ரேஷ்கோவை இரண்டு முறை படித்தாராம். வாசோவ் எங்கும் கிடைக்கவில்லை, என் நடைபாதைப் பிரதியை இரவல் தர முடியுமா என்கிறார். தருகிறேன். முகவரியைத் தனியாக அனுப்புங்கள். கடைசிப் பதினாறு பக்கத்துக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை. ஒட்டி அனுப்பவா, அப்படியே அனுப்பவா?